பிள்ளை முதன்முதலாக மைதானத்துக்குப் போகிறதா? பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

முதலாம் தவணை தொடங்கிக் கொஞ்ச நாளில் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து, புத்தகப்பையைக் கழற்றவும் முன்னர், "அம்மா, நான் பச்சை இல்லம், என்னை நூறு மீற்றருக்கு எடுத்திருக்கினம்" என்று சொல்லும். அந்த நேரத்து முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாலு வருடம் கழித்தும் மைதானத்துக்குப் போகிறபோது அதே முகம் இருக்க வேண்டும், இந்தக் கட்டுரை அதற்குத்தான். பதக்கம் எடுக்க வைப்பது எப்படி என்று நான் எழுதவில்லை.

என் மூத்த மகன் இங்கே யாழ்ப்பாணத்தில் நாலாம் வகுப்பில், பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்துப் பள்ளிக்கூடம் நடத்தும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஓடினான். நானும் பள்ளிக்கூடக் காலத்தில் ஓடியவன், அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். மூன்றாவதாக வந்தான். மைதானத்திலிருந்து கொக்குவில் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் அவனைப் பின்னால் இருத்திக்கொண்டு, தொடக்கத்தில் ஏன் பிந்தினாய், ஏன் பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாய், கை ஏன் அப்படி வீசினாய் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னேன், அவனுக்கு உதவுகிறேன் என்றுதான் முழு மனதோடு நம்பினேன். அடுத்த வருடம் பயிற்சி தொடங்கியதும் அவனுக்குப் பின்னேரங்களில் வயிற்று வலி வரத் தொடங்கியது. பயிற்சி உள்ள நாளில் மட்டும். கடைசியில் அவன் தன் அம்மம்மாவிடம்தான் சொல்லியிருக்கிறான்: "அப்பா கூட்டிக்கொண்டு போகாட்டி நான் ஓடுவன்."

அதைக் கேட்ட நாளிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும், பயிற்றுவிப்பாளர்களிடமும் மற்றப் பெற்றோரிடமும் கேட்டு அறிந்ததையும், கொஞ்சம் வாசித்ததையும் சேர்த்துத்தான் கீழே எழுதுகிறேன். ஆறு வயதிலிருந்து பதின்நாலு வயது வரையான பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இது பொருந்தும்.

முதலில்: ஒரே விளையாட்டில் கட்டிப் போடாதீர்கள்

நீங்கள் குருநகரிலோ நாவாந்துறையிலோ இருந்தால் பிள்ளை உதைபந்துதான் ஆட வேண்டும், ஆவரங்கால் பக்கம் என்றால் கரப்பந்து என்று ஊரே முடிவு செய்துவிடும். அதில் தவறில்லை, பக்கத்தில் என்ன நடக்கிறதோ அதில்தான் பிள்ளை தொடங்கும். ஆனால் பன்னிரண்டு பதின்மூன்று வயது வரைக்கும் இரண்டு மூன்று விளையாட்டுகளைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். முதலாம் தவணையில் ஓட்டமும் பாய்தலும், பிறகு உதைபந்து, விடுமுறையில் ஒழுங்கைக்குள் மென்பந்துத் துடுப்பாட்டம், மழைக் காலத்தில் உள்ளே இருந்து கரம், சதுரங்கம். இப்படிச் சுற்றி வரும்போது பிள்ளைக்குச் சலிப்பு வராது, ஒரே மூட்டுக்கும் ஒரே தசைக்கும் வருடம் முழுக்க வேலை போவதும் இல்லை. ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதைப் பதினைந்து பதினாறு வயது வரைக்கும் தள்ளிப் போடுவது நல்லது என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் சொல்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எந்த உடம்பு எந்த விளையாட்டுக்குப் பொருந்தும் என்று எட்டு வயதில் யாராலும் சொல்ல முடியாது. இதே மண்ணிலிருந்து போன நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2.08 மீற்றர் உயரத்தோடு வலைப்பந்தில் இலங்கை அணிக்குத் தூணாக நின்றார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார். யாழ் மத்திய கல்லூரியில் பந்து வீசிய வியாஸ்காந்த் 2024 இல் ஐபிஎல் வரை போனார். இந்த நாலு பேரும் நாலு விதமான உடல்வாகு. வியாஸ்காந்தைப் பார்த்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் சுழற்பந்து வீச விடுவதை இப்போது நிறையப் பார்க்கிறேன். விரும்பினால் வீசட்டும், ஆனால் அது பிள்ளையின் விருப்பமா எங்களுடையதா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

விருப்பம் எப்படி வரும்? பெரும்பாலும் பார்த்துத்தான் வரும். பங்குனி மாதத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடக்கும், வடக்கின் போர் என்று சொல்லும் துடுப்பாட்டப் போட்டிக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். 1904 இல் தொடங்கிய போட்டி அது, இன்றைக்கும் பேண்ட் வாத்தியமும் கொடியுமாக மைதானமே அதிரும். துரையப்பா விளையாட்டரங்கில் உதைபந்துப் போட்டி நடந்தால் போய் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். பிள்ளை போட்டியைப் பார்க்காமல் கச்சான் கொறித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு ஓடித் திரிந்தாலும் பரவாயில்லை, அந்த இடம் சந்தோசமான இடம் என்று மனதில் பதிந்தால் போதும்.

சேர்ப்பதற்கு முன்னர் ஒரு பின்னேரம் போய் இருந்து பாருங்கள்

பள்ளிக்கூட அணியோ ஊர்க் கழகமோ தனியார் பயிற்சியோ, எதுவாக இருந்தாலும் காசு கட்டுவதற்கு முன்னர் ஒரு பயிற்சியை முழுதாகப் பாருங்கள். எத்தனை கிண்ணம் அலுமாரியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். நான் பார்ப்பது வேறு.

ஒன்று, பிள்ளைகள் எவ்வளவு நேரம் சும்மா வரிசையில் நிற்கிறார்கள். இருபது பேர் ஒரு பந்துக்கு வரிசை கட்டி நின்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு மணித்தியாலத்தில் ஆறு தடவையோ ஏழு தடவையோதான் பந்து கிடைக்கும், மிச்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும். நல்ல பயிற்றுவிப்பாளர் அதே இருபது பேரை நாலு நாலு பேராகப் பிரித்து, செருப்பைக் கோல் கம்பமாக வைத்துச் சின்னச் சின்ன ஆட்டமாக விளையாட விடுவார். எல்லாருடைய காலிலும் பந்து ஓடும். உடம்பு சூடாக்குவதற்கு மைதானத்தைச் சுற்றி ஓட விடுவதை விட்டுவிட்டுக் கிளித்தட்டு விளையாட விடும் ஒரு பயிற்றுவிப்பாளர் சேரை எனக்குத் தெரியும். திரும்புதல், ஏமாற்றுதல், திடீரென்று நிற்றல் எல்லாம் கிளித்தட்டில் இருக்கிறது, பிள்ளைகளும் பயிற்சி முடிந்த பிறகும் "இன்னொருக்கா" என்று கெஞ்சுவார்கள்.

இரண்டு, ஆகத் திறமை குறைந்த பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். திறமையான பிள்ளையை எந்தப் பயிற்றுவிப்பாளரும் நன்றாகத்தான் நடத்துவார். பந்தைத் தவறவிட்ட பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரிகிறதா, அந்தப் பிள்ளையை ஆட்டத்துக்குள் விடுகிறாரா, இல்லாவிட்டால் தண்ணீர் எடுத்துவர மட்டும் அனுப்புகிறாரா? இதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

மூன்றாவது பாதுகாப்பு. அடிப்பது, தடியை வைத்துக்கொண்டு நிற்பது, மற்றவர்கள் முன்னால் உடம்பைக் கேலி செய்வது, இதில் எது இருந்தாலும் அங்கே விடாதீர்கள், "அந்தக் காலத்தில் எங்களுக்கும் அடித்தவைதானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். பயிற்சி திறந்த இடத்தில் நடக்கிறதா, வேறு பெரியவர்களும் இருக்கிறார்களா, வெளியூர்ப் போட்டிக்குப் போனால் யார் கூடப் போகிறார்கள் என்று நேரே கேளுங்கள். கேட்பதில் குறை நினைக்கிற பயிற்றுவிப்பாளர் என்றால் வேறு இடம் பார்க்கலாம். யாராவது தொட்டது பிடிக்கவில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும் என்று பிள்ளையிடமும் சாதாரணமாகப் பேசி வையுங்கள். இலங்கையில் சிறுவர் பாதுகாப்புக்கான தொலைபேசி இலக்கம் 1929.

சாமான் வாங்கும் விடயம்

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. முதல் வருடம் விலை கூடிய எதையும் வாங்க வேண்டாம், அதிகம் செலவழித்தால் "இவ்வளவு காசு கொடுத்து வாங்கினேன்" என்ற வார்த்தை என்றைக்கோ ஒரு நாள் வாயில் வந்தே தீரும். காலுக்குச் சரியான ஒரு சோடிச் சப்பாத்து வேண்டும், ஏனென்றால் எங்கள் மைதானங்களில் நெருஞ்சி முள் குறைவில்லை. வளரும் கால் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் பிள்ளை தடக்கி விழும். உதைபந்து என்றால் எட்டு வயதுக்குக் கீழே 3 ஆம் இலக்கப் பந்து, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4, அதற்கு மேல்தான் 5. பெரியவர்களின் பந்தைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்தால் கால் நோகும், பந்தைக் கண்டால் பயம் வரும். துடுப்பாட்டத்தில் மென்பந்தில் நன்றாகக் கை படியட்டும், கடினப்பந்துக்குப் போகும்போது தலைக்கவசம் இல்லாமல் ஒரு பந்துகூட ஆட விடாதீர்கள்.

வெயில், தண்ணீர், சாப்பாடு

மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கும் மாசி, பங்குனியில் வெயில் ஏறிக்கொண்டு போகும், சித்திரையில் மத்தியானம் மைதானத்து மண்ணில் கால் வைக்க ஏலாது. பயிற்சி பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு இருப்பதுதான் நல்லது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் பிள்ளைக்குத் தண்ணீர் குறைவது தெரியாது, ஆகவே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை குடிக்கச் சொல்லி அனுப்புங்கள். சலம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பிள்ளைக்கே சொல்லிக் கொடுக்கலாம். ஒரு போத்தல் தண்ணீர், ஒரு தொப்பி, ஒரு சின்னத் துவாய் போதும். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் கடையில் விற்கும் நிறத் தண்ணீரை விட எவ்வளவோ மேல். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வருவது போல இருக்கிறது என்றால் உடனே நிழலில் படுக்க வைத்து உடம்பை நனைத்து ஆற விடுங்கள். கொஞ்ச நேரத்தில் தெளியாவிட்டால், அல்லது பேச்சுத் தடுமாறினால், வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு வாந்தி எடுத்தாலும் மயங்கினாலும் அப்படியே, அன்றைக்குத் திரும்ப ஆட விடக் கூடாது.

பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் ஒரு கதலி வாழைப்பழம், அவித்த கடலை, இல்லாவிட்டால் ஒரு பயத்தம் பணியாரம். முடிந்து வந்ததும் புட்டும் முட்டையும். போட்டி நாளில் இடைவேளைக்குத் தோடம்பழச் சுளை உரித்துக் கொண்டுபோங்கள், முழு அணிக்கும் சேர்த்து. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து தோடம்பழம் சாப்பிட்டது பிள்ளைக்குப் போட்டியின் முடிவை விட அதிகக் காலம் ஞாபகம் இருக்கும்.

பத்து வயதுக்கு மேலே, பிள்ளை திடீரென்று உயரும் காலத்தில், முழங்காலுக்குக் கீழேயும் குதிக்காலிலும் நோ வருவது உண்டு. எலும்பு வேகமாக வளர, தசை அதைப் பிடித்து இழுக்கிறது. கள்ளம் செய்கிறது என்று நினைத்து ஓட விடாதீர்கள், வைத்தியரிடம் காட்டி ஓய்வு கொடுத்தால் அநேகமாகத் தன்பாட்டில் மாறிவிடும். கிழமைக்கு ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், பயிற்சியே இல்லாமல் இருக்கட்டும். ஒழுங்கான பயிற்சி நேரம் கிழமைக்குப் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்று ஒரு எளிய கணக்கு இருக்கிறது: ஒன்பது வயது என்றால் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். முற்றத்தில் தானாக விளையாடுவது அந்தக் கணக்கில் சேராது, அது எவ்வளவும் விளையாடட்டும்.

போட்டி நாளில் நீங்கள் எங்கே நிற்பது

எல்லைக் கோட்டுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி. கத்துவதென்றால் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், அவ்வளவுதான். "அடி, அங்கால குடு, ஓடு, நில்" என்று நீங்கள் ஒரு பக்கம், பயிற்றுவிப்பாளர் மறுபக்கம், சித்தப்பா இன்னொரு பக்கம் கத்தினால் பிள்ளை யாரைக் கேட்கும்? பந்து வரும் நேரத்தில் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளையைக் கவனித்திருக்கிறீர்களா? என் மகன் ஓடும்போது பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான் என்று நான் குறை சொன்னேன் அல்லவா, பிறகு யோசித்தபோதுதான் விளங்கியது, அவன் பார்த்தது அந்தப் பிள்ளையை அல்ல, அந்தப் பக்கம் நின்ற என்னை.

நடுவரோடு வாக்குவாதப்படாதீர்கள். மற்ற இல்லத்துப் பிள்ளை நன்றாகச் செய்தால் கை தட்டுங்கள், உங்கள் பிள்ளை அதைப் பார்க்கும்.

வெற்றி தேவையில்லை என்று சொல்ல வரவில்லை, பிள்ளைகளுக்கு வெல்ல விருப்பம்தான். ஆனால் அமெரிக்காவில் உதைபந்தாடும் பிள்ளைகளிடம் விளையாட்டில் எது சந்தோசம் என்று கேட்டு 81 விடயங்களைத் தொகுத்த ஓர் ஆய்வில் வெல்வது 48 ஆவது இடத்தில்தான் வந்தது. முழு மூச்சாக முயல்வது, மற்றவர்களோடு நல்லபடி நடந்துகொள்வது, பயிற்றுவிப்பாளர் மதித்து நடத்துவது இவையெல்லாம் அதற்கு எவ்வளவோ முன்னால் நின்றன. நோர்வேயில் பதினொரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் போட்டிகளுக்குத் தரவரிசைப் பட்டியல் போட விடமாட்டார்கள். அந்த நாட்டுக்குத்தான் குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை பதக்கங்கள் போகின்றன. ஊர்க் கழக நிர்வாகத்தில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், சின்னப் பிள்ளைகளின் போட்டியில் எல்லாருக்கும் சம நேரம் ஆட இடம் கொடுப்பதைப் பற்றித் தயவுசெய்து யோசியுங்கள். பெஞ்சில் இருந்து பழகிய பிள்ளை வீட்டில் இருக்கவும் சீக்கிரம் பழகிவிடும்.

திரும்பி வரும் வழி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வழியில் ஆட்டத்தைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள். "நீ விளையாடுறதைப் பார்க்க எனக்கு நல்ல சந்தோசம்" என்று ஒரு வசனம், பிறகு "பசிக்குதோ?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். ஒரு கடையில் நிறுத்தி ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கலாம், தோற்ற நாளிலும் வென்ற நாளிலும் ஒரே மாதிரி. பிள்ளையாகப் பேசத் தொடங்கினால் கேளுங்கள், திருத்தாதீர்கள். திருத்துவதற்குப் பயிற்றுவிப்பாளர் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் "எத்தனையாவதாய் வந்தனீ?" என்று வாசலில் வைத்துக் கேட்க ஆட்கள் இருப்பார்கள். அப்பப்பாவிடமும் மாமாவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், "யாரோட விளையாடினனீ, எது பம்பலா இருந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். முதலில் விசித்திரமாகப் பார்ப்பார்கள், பிள்ளை நிறுத்தாமல் கதை சொல்லத் தொடங்கியதும் அவர்களுக்கே பிடித்துவிடும்.

எங்கள் வீட்டில் அடுத்த ஒரு வருடம் மகனை அவனுடைய அம்மாதான் கூட்டிப் போனா. நான் பின்னால் தனியாகச் சைக்கிளில் போய் மரத்தடியில் நின்று பார்ப்பேன். ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் அவனாக வந்து என் சைக்கிள் பாரில் ஏறி இருந்தான். அன்றைக்கு நான் ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை, கொக்குவில் வரும் வரைக்கும் அவனேதான் கதைத்தான்.

புலமைப்பரிசிலும் ரியூசனும்

நாலாம் வகுப்பு முடியும்போதே "இனி விளையாட்டு வேண்டாம், புலமைப்பரிசில் முடியட்டும்" என்று நிறுத்துகிறார்கள். பரீட்சை முடிந்து திரும்பப் போகும்போது மற்றப் பிள்ளைகள் முன்னுக்குப் போயிருப்பார்கள், கூட்டாளிமார் வேறு கூட்டமாகியிருப்பார்கள், பிள்ளை கூச்சத்தோடு திரும்பி வந்துவிடும். சாதாரண தரப் பரீட்சை வரும்போதும் இதே கதை. நான் சொல்வது, முழுதாக நிறுத்தாதீர்கள், குறையுங்கள். கிழமைக்கு நாலு நாள் போன பிள்ளை இரண்டு நாள் போகட்டும், போட்டிகளை விட்டாலும் பயிற்சியை விடாமல் வைத்திருக்கட்டும். ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை ஒரு நாளைக்குச் சராசரி 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பரீட்சை வருடத்துப் பிள்ளைக்கும் அதே உடம்புதான். ரியூசன் நேரத்தைத் தெரிவு செய்யும்போதே பயிற்சி நாட்களைப் பயிற்றுவிப்பாளரிடம் கேட்டுக் கலண்டரில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு ரியூசனைப் போடுங்கள். ஒழுங்கை மாற்றிச் செய்தால் விளையாட்டுக்கு ஒரு நாளும் மிஞ்சாது.

பெண் பிள்ளைகள்

எனக்கு மகளும் இருக்கிறாள், அதனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. பெரியபிள்ளையானதும் நிறுத்துவது இன்றைக்கும் நடக்கிறது. யாரும் நேரே "போகாதே" என்று சொல்வதில்லை, "வெயிலில கறுத்துப் போவாய்", "காற்சட்டையோட ஓடுறதே", "பொழுதுபட வாறது சரியில்லை" என்று ஒவ்வொரு பக்கமாக வரும். இதில் கடைசி ஒன்றுதான் உண்மையான பிரச்சினை, அதற்கு வழி இருக்கிறது: ஒரே ஒழுங்கைப் பிள்ளைகள் நாலு பேரின் பெற்றோர் சேர்ந்து முறை வைத்துக் கூட்டி வரலாம். உடுப்பு விடயத்தில் பிள்ளைக்கு எது வசதியோ அதை அவளே தெரிவு செய்யட்டும், நீளக் காற்சட்டை என்றாலும் சரி. மாதவிடாய் நாட்களில் விளையாடலாம், முடியாவிட்டால் ஓய்வெடுக்கலாம், இரண்டுக்கும் தடையில்லை என்று அம்மாவோ அக்காவோ வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மைதானத்துக்குப் பக்கத்தில் கதவு பூட்டக்கூடிய, தண்ணீர் வரும் மலசலகூடம் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் பெற்றோர் சேர்ந்து அதிபரிடமோ கழகத்திடமோ கேளுங்கள். நிறையப் பெண் பிள்ளைகள் இந்த ஒன்றுக்காகவே சொல்லாமல் நிற்கிறார்கள். தெல்லிப்பழை மகாஜனாவின் பெண் பிள்ளைகள் உதைபந்தில் தேசிய மட்டத்தில் வென்று வந்ததை ஊரே கொண்டாடியது. அந்தப் பிள்ளைகளின் வீடுகளிலும் இதே கதைகள் வந்திருக்கும், யாரோ ஒருவர் "போ பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார்.

"இனி நான் போகமாட்டன்" என்று சொன்னால்

உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம். இரண்டு மூன்று நாள் விட்டு, வேறு ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும்போது, கிணற்றடியிலோ தோட்டத்திலோ, மெல்லக் கேளுங்கள். விளையாட்டா பிடிக்கவில்லை, சேரா, கூட்டாளிமாரோடு சண்டையா, களைப்பா, இல்லாவிட்டால் நாங்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும், பதிலைக் கேட்டுக் கோபப்படவும் கூடாது. காரணம் சேர் என்றால் வேறு கழகம், களைப்பு என்றால் ஒரு மாத ஓய்வு, சண்டை என்றால் அநேகமாக அடுத்த கிழமைக்குள் தானாகத் தீர்ந்துவிடும்.

விளையாட்டே பிடிக்கவில்லை என்றால், அணியில் பெயர் கொடுத்த போட்டிகள் முடியும் வரை போகச் சொல்லுங்கள், மற்றப் பிள்ளைகள் அவனை நம்பி இருப்பார்கள். அடியோ அவமானமோ காரணம் என்றால் மட்டும் அன்றைக்கே நிறுத்துங்கள். முடிந்த பிறகு உடுப்பைத் துவைத்துக் கொடுத்து, பயிற்றுவிப்பாளருக்கு நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வரட்டும், திரும்பிப் போகக் கதவு திறந்திருக்கும். என் மகன் ஓட்டத்தை ஏழாம் வகுப்பில் விட்டான், இப்போது பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் கரப்பந்து ஆடுகிறான். அந்தப் பந்து யாரும் கேட்காமல் எட்டு மாதம் எங்கள் விறாந்தையில் கிடந்தது. நான் செய்ததெல்லாம் காற்றுக் குறையும்போது அடித்து வைத்ததுதான்.